தைவான்காரர் போட்ட பந்துக்கு ஒரு கைதட்டல்

அந்த நீலச் சாக்கட்டி ஒரு பெரிய கற்கண்டு அளவுதான் இருக்கும். ஐந்து பக்கங்களில் காகிதம் ஒட்டியிருக்கும். ஆறாவது பக்கம் தேய்ந்து தேய்ந்து நடுவில் குழிந்திருக்கும். பில்லியர்ட்ஸ் மேசையில் பந்தை அடிக்கிற கோலின் நுனி வழுக்காமல் இருக்க அதைப் பூசுவார்கள். கோலும் இல்லாமல் மேசையும் இல்லாமல் அந்தக் கட்டி மட்டும் ஷார்ஜாவில், ரோலா பகுதியில், நாங்கள் பங்கிட்டுக் குடியிருந்த ஃபிளாட்டின் அடுத்த அறையில், ஒரு பிலிப்பைன்ஸ் பெண்ணின் கைப்பைக்குள் இருந்தது. என் மகளுக்கு ஒன்றரை வயது. வேலை முடிந்து வந்து அவளை அந்த அறையிலிருந்து தூக்கும்போதெல்லாம் அவள் விரல்கள் நீலமாக இருக்கும். முதல் நாள் அதைப் பார்த்ததும் குழாயடியில் விரல்களைத் தேய்த்துக் கழுவினேன். வாயில் வைத்திருப்பாளோ என்று நாக்கை நீட்ட வைத்துப் பார்த்தேன். நாக்கு சிவப்பாகத்தான் இருந்தது. அப்படியும் சந்தேகம் தீராமல் விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இன்னொரு முறை பார்த்தேன்.

அந்தப் பெண்ணை நான் அக்கா என்று கூப்பிட்டேன். அந்தச் சொல்லின் பொருள் தெரிந்ததும் அவருக்குப் பிடித்துவிட்டது, பதிலுக்கு என்னை 'சிஸ்' என்றார். அவருடைய கணவருக்குப் புஜைராவில் கப்பல் பழுது பார்க்கும் இடத்தில் வேலை. மாதத்துக்கு இரண்டு முறை வருவார். அக்காவுக்கு ஓர் அழகு நிலையத்தில் மாலை டியூட்டி. எனக்குக் காலையில் வேலை. அதனால் பகலில் குழந்தையை அவர் பார்த்துக்கொள்வது இருவருக்கும் ஒத்துவந்தது. எங்களுக்குள் பேச்சு பாதி ஆங்கிலம், பாதி இந்தி, நடுவே அவர் பொறுக்கிக்கொண்ட தமிழ். எந்தச் சொல்லை எந்த மொழியில் சொன்னார் என்பதெல்லாம் இப்போது நினைவில்லை. என் மனதில் பதிந்திருக்கிறபடி எழுதுகிறேன்.

அக்காவுக்கு உலகத்தில் முக்கியமான விஷயம் ஒன்பது பந்து ஆட்டம். பில்லியர்ட்ஸ் வகைதான். ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண் போட்ட பந்துகள். சிறிய எண்ணிலிருந்து வரிசையாகக் குழிக்குள் தள்ளிக்கொண்டே போக வேண்டும். ஒன்பதைத் தள்ளுகிறவருக்கு அந்தச் சுற்று. அவர்கள் ஊரில் தெருவுக்குத் தெரு தகரக் கூரைக்குக் கீழே ஒரு மேசை கிடக்குமாம். அவருடைய அப்பா வீட்டு முற்றத்திலும் ஒன்று இருந்ததாம். அங்கிருந்து எடுத்து வந்ததுதான் அந்தச் சாக்கட்டி. அந்த வருடங்களில் உலகப் போட்டி எங்கே நடந்தாலும் கடைசியில் ஒரு பிலிப்பைன்ஸ்காரரும் ஒரு தைவான்காரரும் எதிரெதிரே நிற்பது வழக்கமாகியிருந்தது. அவர்கள் ஊர்ப் பக்கம் பிற்பகலில் நடக்கும் ஆட்டம் எங்களுக்கு டிவியில் காலையில் வரும். வராத நாட்களில் அக்கா பழைய ஆட்டங்களைப் பதிவுசெய்து வைத்துத் திரும்பத் திரும்பப் போடுவார். என் மகள் அவர் மடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தாள்.

அந்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு. பிலிப்பைன்ஸ்காரர் அடிப்பதற்காகக் குனிந்தால் அக்கா உதட்டில் விரல் வைப்பார். அப்புறம் யாரும் பேசக் கூடாது, அசையக் கூடாது, தும்மல் வந்தாலும் அடக்கிக்கொள்ள வேண்டும். பந்து குழிக்குள் டொக்கென்று விழுந்து, விரல் உதட்டிலிருந்து இறங்கிய பிறகுதான் கைதட்டலாம். தைவான்காரர் அடிக்கும்போது விரல் கிடையாது. அந்த நேரத்தில் தும்மலாம், பாத்திரம் உருட்டலாம். "அவங்களுக்கு எதுக்கு மரியாதை?" என்பார்.

இதில் எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. நான் கணக்கு பார்த்துக்கொண்டிருந்த சின்ன அலுவலகத்தின் மேலாளர் தைவான்காரர். அவருக்கும் இதே பைத்தியம். என் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவர் பிலிப்பைன்ஸ்காரி என்று ஒருநாள் தெரிந்துகொண்டார், அதிலிருந்து நான் இருவருக்கும் நடுவே தபால்காரி ஆகிவிட்டேன். கடைசி வரை அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. "ஃபைனல் வருது. டிஷ்யூ ரெண்டு பெட்டி வாங்கி வைக்கச் சொல்லுங்க உங்க அக்காவை" என்று மேலாளர் முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்லி அனுப்புவார். அக்கா கத்தரிக்காய் வதக்கிக்கொண்டே பதில் சொல்வார். "உங்க ஆளுங்க பரீட்சை எழுதுற மாதிரி ஆடுறாங்க, எங்க ஆளுங்கதான் வெளையாடுறாங்கன்னு உன் பாஸ்கிட்ட சொல்லு சிஸ்." நான் அதைக் கொஞ்சம் மெருகேற்றி, 'வாழ்த்துச் சொன்னார்கள்' என்று மேலாளரிடம் சொல்வேன். அவர் நம்பியதே இல்லை.

இந்த வேடிக்கைக்கு அடியில் வேறொன்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. என் மகள் பேசவில்லை. 'அம்மா' கூட வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பல நேரம் திரும்புவதில்லை. எவ்வளவு சமத்து, சத்தமே இல்லையே என்று வருகிறவர்கள் பாராட்டும்போது நான் பேச்சை மாற்றிவிடுவேன். அவள் முதுகுக்குப் பின்னால் நின்று தட்டில் கரண்டியால் தட்டிப் பார்ப்பேன். சில நேரம் திரும்பினாள், சில நேரம் இல்லை. திரும்பினாலும் நிம்மதி இல்லை. என் நிழலைப் பார்த்துத் திரும்பியிருப்பாளோ என்று தோன்றும். என் கணவருக்குத் துபாயில், ஜெபல் அலி துறைமுகத்தில் வேலை. இரவு களைத்து வருகிறவரிடம் தினமும் இதையே சொல்வேன். "எங்க சின்ன மாமா மூணு வயசு வரைக்கும் வாயே தொறக்கல. இப்ப போன் பண்ணா கார்டு தீர்ற வரைக்கும் விட மாட்டேங்கறாரு" என்பார் அவர். மாமியார் திருச்சியிலிருந்து, "தமிழே தெரியாதவகிட்ட விட்டா புள்ளைக்கு எப்படிப் பேச்சு வரும்? பேசாம வேலையை விட்டுடு" என்றார். டிவி முன்னால் உட்கார வைத்து உட்கார வைத்துத்தான் இப்படி ஆகிவிட்டதோ, நான் நல்ல தாய் இல்லையோ என்று நான் ஒவ்வொரு இரவும் எனக்குள்ளேயே விசாரணை நடத்தினேன். தீர்ப்பு ஒருநாள் போல் இன்னொரு நாள் இருக்காது.

கடைசியில் ஒரு மருத்துவமனையில் காது பரிசோதனைக்குக் கூட்டிப்போனோம். சத்தம் புகாத சிறிய அறை. என் மடியில் குழந்தை. எதிரே கண்ணாடிக்கு அப்பால் பரிசோதிக்கிற பெண். இருபுறமும் இருக்கும் ஒலிபெருக்கிகளில் மாறி மாறிச் சத்தம் வரும். கேட்கிற பக்கம் குழந்தை திரும்ப வேண்டும். நான் எந்தக் குறிப்பும் காட்டிவிடக் கூடாது என்பதற்காக அந்தப் பெண் என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார், இன்னொரு கையால் பொத்தான்களை அழுத்தினார். நானும் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். குயில் மாதிரி ஒரு சத்தம், மேளம் மாதிரி ஒன்று, விசில் மாதிரி ஒன்று. என் மகள் திரும்பவில்லை. கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு எதிரே இருந்த அந்தப் பெண்ணையே பார்த்தபடி பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாள். சத்தம் கூடிக்கொண்டே போனது. எனக்கே காது வலித்தது. அவள் அசையவில்லை. இதை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது, மருந்து கொடுத்துத் தூங்க வைத்து இன்னொரு பரிசோதனை செய்துவிடலாம் என்று அந்தப் பெண் அன்பாகத்தான் சொன்னார். வெளியே வந்து டாக்ஸியில் ஏறியதும் என் கணவர் சின்ன மாமா கதையைச் சொல்லவில்லை. அப்போதுதான் அவரும் பயந்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

அக்காவிடம் சொன்னபோது அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தார். பிறகு, "என்னாலன்னு நீ நெனச்சா கலாஸ், முடிஞ்சுது, நாளையிலிருந்து வேணாம்னு சொல்லிடு. நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்றார். இல்லை அக்கா என்றேன். அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் ஆனதை அவர் கவனித்திருப்பார்.

இறுதி ஆட்டம் ஒரு வெள்ளிக்கிழமை. என் கணவருக்கு அன்றும் ஓவர்டைம். அறையில் தனியாக உட்கார்ந்து யோசிக்க முடியாமல் குழந்தையோடு அக்காவின் அறைக்குப் போனேன். அவருடன் வேலை செய்யும் இரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். ஒரு பெரிய தட்டு நிறைய நூடுல்ஸ் இருந்தது, யாரும் தொடவில்லை. ஒரு பிலிப்பைன்ஸ்காரர், ஒரு தைவான்காரர். இருவரும் சமமாக வந்து, கடைசிச் சுற்றில் ஜெயிக்கிறவருக்குக் கோப்பை என்கிற நிலை. அடிக்கும் முறை தைவான்காரரிடம் போனது. மேசையில் மூன்றே பந்துகள். அக்கா சாக்கட்டியைக் கைக்குள் பொத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். மற்ற இருவரும் முகத்தைக் கையால் மூடியிருந்தார்கள். என் மகள் டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என் காலடியில் பிளாஸ்டிக் கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிக்கொண்டிருந்தாள். தைவான்காரர் குனிந்தார். பந்து நீளமாக ஓடி மூலைக் குழியில் டொக்கென்று விழுந்தது. அறையில் ஓர் அசைவும் இல்லை.

அப்போது கீழேயிருந்து கைதட்டல் கேட்டது. என் மகள் கிண்ணத்தை வைத்துவிட்டு இரண்டு முறை தட்டினாள். பிறகு மறுபடி கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள்.

அக்கா கண்ணைத் திறந்தார். "யாரது? பாப்பா, நீ எந்த நாட்டுக்காரி?" மற்ற இருவரும் வேதனையோடு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அக்கா, இவ ஏன் தட்டினா?"

"பந்து விழுந்துச்சு, தட்டினா. தினம் செய்யறதுதானே."

"இவ பாக்கலையே. நீங்க யாருமே தட்டலையே."

சொல்லிவிட்டு உடனே என்னை நானே மறுத்துக்கொண்டேன். அலமாரிக் கதவில் கண்ணாடி இருந்தது. அதில் டிவி தெரிந்திருக்குமோ? அக்கா என்னைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், பிறகு ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார். மற்ற இருவரும் அவர்கள் மொழியில் கத்தினார்கள். வருடம் முழுக்கக் காத்திருந்த ஆட்டம், இன்னும் இரண்டே பந்துகள். அக்கா காதில் வாங்கவில்லை.

"ஆஸ்பத்திரியில என்ன செஞ்சாங்க? அப்படியே செஞ்சு காட்டு."

அவர் காலி பால்பவுடர் டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு குழந்தைக்குப் பின்னால் போய் மண்டியிட்டார். நான் குழந்தைக்கு எதிரே உட்கார்ந்து, அந்தப் பெண் செய்தது போலவே உதட்டில் விரல் வைத்தேன். என் மகள் என்னைப் பார்த்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள். கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டாள். அக்கா சாக்கட்டியை டப்பாவுக்குள் போட்டார். டொக். குழந்தை அசையவில்லை. இன்னொரு முறை. அசையவில்லை. என் கண் நிறைந்துவிட்டது.

"சிஸ்," என்றார் அக்கா, மிக மெதுவாக. "அந்த விரல் என்னோட சட்டம். விரலை எடு."

நான் விரலை இறக்கினேன். அக்கா மறுபடி கட்டியைப் போட்டார். டொக். என் மகள் கைதட்டினாள். தட்டிக்கொண்டே பின்னால் திரும்பி, டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள்.

அந்த மருத்துவமனை அறையில் எல்லாச் சத்தமும் அவளுக்குக் கேட்டிருக்கிறது. எதிரே ஒருவர் உதட்டில் விரல் வைத்திருந்தார். ஆட்டக்காரர் குனிந்திருக்கிறார், விரல் இறங்கும் வரை அசையக் கூடாது என்று காத்திருக்கிறாள். ஒன்றரை வயதுக் குழந்தை, தும்மலை அடக்குகிற மாதிரி அத்தனை சத்தங்களையும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இது புரிந்ததும் நான் அழுதேன். அக்காவும் அழுதார். மற்ற இருவரும் ஒன்றும் புரியாமல் எங்களுக்கு டிஷ்யூ எடுத்துக் கொடுத்தார்கள். அப்படியாக மேலாளர் வாங்கி வைக்கச் சொன்ன டிஷ்யூ செலவானது. டிவியை மறுபடி போட யாருக்கும் தோன்றவில்லை. மேல்மாடியில் பிலிப்பைன்ஸ் பையன்கள் நிறையப் பேர் சேர்ந்து தங்கியிருந்தார்கள். ஜெயித்திருந்தால் கட்டடமே அதிர்ந்திருக்கும். அக்கா தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார். ஒரு சத்தமும் இல்லை.

"மாஃபி," என்று கையை விரித்தார். "போச்சு. பரவால்ல. நூடுல்ஸ் சாப்பிடுங்க."

அடுத்த வாரம் தூங்க வைத்துச் செய்த பரிசோதனையில் இரண்டு காதும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். நான் விரல் கதையைச் சொன்னதும் முதலில் பரிசோதித்த பெண் தன் கையையே ஒரு முறை பார்த்துக்கொண்டார். பேச்சு தானாக வரும், பொறுங்கள் என்றார். அன்று டாக்ஸியில் என் கணவர் சின்ன மாமா கதையை முழுதாக, ஊர் பேர் விடாமல் சொன்னார். டாக்ஸிக்காரரிடமும் இந்தியில் சொன்னார். அலுவலகத்தில் மேலாளர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த அறையிலே ஆட்டம் தெரிஞ்சவ உங்க பொண்ணு ஒருத்திதான்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "கடைசி ரெண்டு பந்தை அவங்க பாக்கவே இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப நாங்க ஜெயிச்சதைப் பத்தி ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றார். நான் கொண்டுபோகாமல் விட்ட தபால் அது ஒன்றுதான்.

அக்கா சில வருடங்களுக்கு முன் தோஹாவுக்குப் போய்விட்டார், கணவருக்கு அங்கே வேலை கிடைத்து. போகும்போது சாக்கட்டியை என் மகள் கையில் வைத்தார். "இது இனிமே எங்களுக்கு வேலை செய்யாது. கட்சி மாறிடுச்சு."

இப்போது அவள் இரண்டாம் வகுப்பு. தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிக்கிறாள். நடுவே அக்கா விட்டுப்போன சொற்களும் வந்து விழுகின்றன. வகுப்பில் வாயை மூடுவதே இல்லை என்று ஆசிரியை புகார் அனுப்புகிறார். அதற்காகவும் நான் கவலைப்படுகிறேன், வேறு என்ன செய்வது. ஆனால் அந்தக் கவலையில் உள்ளுக்குள் ஒரு சுகம் இருக்கிறது. நேற்று அலமாரியைத் துடைக்கும்போது அந்த நீலக் கட்டி கையில் பட்டது. குழிவு இன்னும் கொஞ்சம் உதிர்ந்திருந்தது, என் விரல் நீலமானது. பத்திரமாக இருக்கட்டும் என்று பழைய பால்பவுடர் டப்பாவுக்குள்ளேயே போட்டேன். டொக்கென்றது.

அடுத்த அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள், எழுந்து வராமல், என்ன என்று கேட்காமல், இரண்டு முறை கைதட்டினாள்.