கப்பலில் பேசிய வீண்பெருமை

என் மருமகள் செல்வி போர்ட் பிளேரில் தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ். அவள் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது. ஆனாலும் ஹட் பே தீவுக்குப் போகும் கப்பலில் அவளுடைய மேனேஜரைப் பார்த்தபோது, "மருமக சம்பளத்த நம்பி நாங்க இல்ல சாப்" என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த மாதம், தனக்குப் பின்னால் சேர்ந்த ஆண் நர்ஸுக்குத் தரும் சம்பளத்தைச் செல்வியும் கேட்டாள். "அவன் குடும்பஸ்தன். உனக்குத் தேவையில்லன்னு மாமியாரே சொன்னாங்களே" என்றாராம் மேனேஜர்.

"ஊசி ரெண்டு பேரும் ஒரே மாதிரிதானே போடுறோம் அத்தை?" என்று சிரித்தாள்.

மறுநாள் மேனேஜரிடம் போனேன். "நான் சொன்னது வெறும் பவுசு. தேவையப் பாத்தா கூலி குடுப்பீங்க? வேலையப் பாருங்க சாப்" என்றேன். இரண்டு மாதம் இழுத்தடித்து, அந்த ஆண் நர்ஸின் சம்பளத்தையே செல்விக்கும் கொடுத்தார்.

இப்போது யார் விசாரித்தாலும், "எங்க வீட்ட நடத்துறது செல்விதான்" என்று உள்ளதைச் சொல்கிறேன். அதுவும் பெருமையாகத்தான் இருக்கிறது.