ஊரில் யாருக்கும் வராத வியாதி

பெரிய ஆஸ்பத்திரியில் அபூர்வம் என்று சொன்ன வியாதி, எங்கள் குப்பத்தில் வீட்டுக்கு ஒருத்தருக்கு இருந்தது. அப்படித்தான் ஆளாளுக்கு அடித்துச் சொன்னார்கள். என் வீட்டுக்காரருக்கு இரண்டு காலும் விளங்காமல் போன சேதி பரவியதும், திருவொற்றியூர் குப்பத்தில் பாதிப் பேர் எங்கள் குடிசை வாசலில் வந்து நின்றார்கள். "இது எங்க மாமனுக்கு வந்ததுதான்" என்றார் ஒருத்தர். அந்த மாமன் தென்னை மரத்திலிருந்து விழுந்தவர். "எங்க சின்னாத்தாவுக்கு வந்ததேதான்" என்றாள் இன்னொருத்தி. அந்தச் சின்னாத்தாவுக்கு வாய் கோணி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. எதிர்வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு வயதில் ஜுரம் வந்து கால் சூம்பியது, அதுவும் இதுதானாம். எல்லாம் வாதம், எல்லாம் ஒன்று. இத்தனை பேருக்கு வந்த வியாதிக்கு வைத்தியம் இல்லாமலா போகும் என்று எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது. அந்தத் தைரியத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். எனக்குக் கைக்குழந்தை. அவர் கட்டுமரத்தில் போகிறவர், நான் மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் கூவி விற்கிறவள். ராயபுரத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்ததை வைத்துக்கொண்டு மீன் விற்பதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்? வீட்டில் எங்களோடு அவருடைய அம்மா, என் அத்தை. நாலு பேருக்கும் சோறு அவர் காலில்தான் நின்றது. அலையில் ஆடும் மரத்தின் மேல் செருப்பில்லாத பாதத்தை ஊன்றி நிற்க முடிந்தால்தான் அவர் கடல்காரர்.

நாலு நாள் ஜுரம் அடித்து விட்டது. சரியாகிவிட்டது என்று மறுபடி கடலுக்குப் போனார். ஒரு வாரம் கழித்து, கரையில் கட்டுமரத்தை இழுக்கும்போது முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "வயித்தச் சுத்திக் கயிறு போட்டு இறுக்கற மாரி கீதும்மே" என்றார். மறுநாள் சாயங்காலம் எழுந்து நிற்கப் பார்த்து மடங்கி விழுந்தார். நீரும் கட்டிக்கொண்டு வயிறு உப்பிவிட்டது. அந்த வேதனையைப் பார்த்துத்தான் ஜட்கா வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். கால் மட்டும் போயிருந்தால் வீட்டிலேயே வைத்திருப்பார்கள்.

அங்கே ரப்பர் குழாய் விட்டு நீரை எடுத்தார்கள். பெரிய டாக்டர் மாணவர்களைச் சுற்றி நிறுத்திக்கொண்டு, பாதத்திலிருந்து மேலே மேலே குண்டூசியால் குத்திக்கொண்டே வந்தார். தொப்புளுக்கு மேல் வந்த பிறகுதான் அவர் "ஆ" என்றார். டாக்டர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வலையில் பெரிய வஞ்சிரம் விழுந்தால் எங்கள் ஆட்களின் முகம் மலருமே, அப்படி மலர்ந்தது.

"இன்னா வியாதி சார் இது? எல்லாருக்கும் வர்றதா?" என்று கேட்டேன்.

"முதுகெலும்புக்குள்ள ஒரு நரம்புத் தண்டு ஓடுதும்மா. அது அழற்சியாகி வீங்கியிருக்கு. ரொம்ப அபூர்வம். இத்தனை வருஷ சர்வீஸ்ல நானே விரல் விட்டு எண்ற அளவுக்குத்தான் பார்த்திருக்கேன். சில பேருக்கு முழுசா சரியாகும், சில பேருக்குக் கொஞ்சம், சில பேருக்கு ஆகாமலே போகும். பொறுத்துத்தான் பார்க்கணும்."

அபூர்வம் என்று அவர் சொன்னது பொய் இல்லை. ஆனால் பின்னால் நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவர் விரல்கள் எண்ணியது ஆஸ்பத்திரிப் படி ஏறியவர்களை மட்டும்தான். எர்ணாவூரில் எங்கள் சொந்தக்காரப் பெண் ஒருத்தி, ஜுரம் விட்ட கையோடு இடுப்புக்குக் கீழே மரத்துப்போய்ப் படுத்தாள். பேய் அடித்தது என்று வேப்பிலை அடித்தார்கள். படுக்கைப் புண் வந்து மழைக்காலத்தில் செத்துப்போனாள். அவளை யார் எண்ணினார்கள்? எங்கள் குப்பமோ விழுந்தவர்களை எல்லாம் ஒரே கூடையில் போட்டு அள்ளியது. ஆஸ்பத்திரிக்கு இது எங்கேயும் இல்லாத வியாதி, குப்பத்துக்கு எங்கேயும் இருக்கிற வியாதி. இரண்டுக்கும் நடுவில் என் வீட்டுக்காரர் மல்லாந்து கிடந்தார்.

சில வாரங்களில் நீர் தானாகப் போகத் தொடங்கியது. படுக்கை வேறு ஆளுக்கு வேண்டும் என்று அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மருந்து கிடையாது, பொறுத்திருப்பதுதான் மருந்து.

அத்தைக்குப் பொறுமை ஏது? "உப்புத் தண்ணில கெடந்து நரம்பு செத்துப் பூட்சு. மண்ல போட்டா உசுரு வந்துரும். எங்க நைனாவுக்கு இதேதான் வந்துச்சு. மூணு நாளு மண்ல போட்டாங்கோ, நாலாம் நாளு மரம் ஏறிக் கடலுக்குப் பூட்டாரு" என்றார்.

மண்ணில் போடுவது எங்கள் பக்கத்தில் உள்ள வழக்கம்தான். விடியற்காலைக் குளிர்த் தண்ணீரில் நின்று நின்று முட்டியும் இடுப்பும் பிடித்துக்கொண்டால், உச்சி வெயிலில் காய்ந்த கடற்கரை மணலில் குழி பறித்து, இடுப்பு வரை மூடிப் படுக்க வைப்பார்கள். சூடு எவ்வளவு, நேரம் எவ்வளவு என்று வெளியில் இருக்கிறவர்கள் பார்க்க மாட்டார்கள். படுத்திருக்கிறவர் "போதும்" என்பார். உடனே தோண்டி எடுத்துவிடுவார்கள். அவர் வாய்தான் கணக்கு. காலம் காலமாக அதில் ஒருத்தருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை, ஏனென்றால் படுத்தவர்கள் எல்லோருக்கும் சுட்டது.

முதல் நாள் மத்தியானம் வெறும் வெயில் மணலில் போட்டார்கள். வெகு நேரம் ஆகியும் அவர் போதும் என்று சொல்லவில்லை. "சுடவே இல்லியேம்மா" என்றார். சூடு பற்றவில்லை என்று ஊரே முடிவு கட்டியது.

மறுநாள் நான் கூடையோடு வண்ணாரப்பேட்டை போயிருந்தேன். அத்தை கடலை வறுக்கிறவரிடமிருந்து இரும்புச் சட்டியை வாங்கி வந்து, அடுப்பு மூட்டி, மணலை வறுத்து வறுத்துக் குழியில் கொட்டியிருக்கிறார். ஒவ்வொரு சட்டிக்கும் "சுடுதாடா?" என்று கேட்டிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் "இல்லியேம்மா" என்று பதில் வந்திருக்கிறது. நான் திரும்பி வரும்போது பாய்த்துணியை நிழலுக்குக் கட்டி, சுற்றிப் பத்துப் பேர் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இடுப்பாண்ட லேசாக் கதகதன்னு கீதும்மே" என்றார், ஏதோ பரிசு விழுந்த மாதிரி.

எனக்கு வாசனைதான் முதலில் தெரிந்தது.

கூடையைப் போட்டுவிட்டுக் கையாலேயே தோண்டினேன். விரல் வெந்தது. வலது கால் பக்கம் கொட்டியது குறைவு, அது சிவந்ததோடு தப்பித்தது. இடது பாதத்தைத் தூக்கியபோது வெந்த மீனின் தோல் போல உள்ளங்கால் தோல் மணலோடு வழன்று வந்துவிட்டது. நான் போட்ட கூச்சலில் எல்லோரும் ஓடி வந்தார்கள். அவர் மட்டும் அசையாமல், "இன்னாம்மே, இன்னா ஆச்சு?" என்று கேட்டார்.

தேங்காயெண்ணெயும் மஞ்சளும் போட்டார் அத்தை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். சூடு ஏறியிருக்கிறது, இனிமேல் உசுரு வரும் என்று பெரியவர்கள் தடுத்தார்கள். பாதம் கறுத்து, நாற்றமெடுத்து, ஜுரத்தில் அவர் பிதற்றத் தொடங்கிய பிறகுதான் விட்டார்கள்.

அங்கே ஒரு சின்ன டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கத்தினார். "உணர்ச்சியே இல்லாத கால்ல எவனாவது நெருப்பை வைப்பானா? மனுஷங்கதானே நீங்க?"

அத்தை தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. "நீங்க சொன்னீங்களா சார்? எத்தினி பேருக்கு வரும்னு சொன்னீங்க. ஆறுமா ஆறாதானு சொன்னீங்க. சூடு மட்டும் ஆவாதுன்னு ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த, யாராச்சும் சொன்னீங்களா?" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், புண்ணைப் பார்த்தார், அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

முட்டிக்குக் கொஞ்சம் கீழே இடது காலை எடுத்தார்கள்.

அந்தப் புண் ஆறிக்கொண்டிருந்தபோதுதான் வலது கால் கட்டை விரல் அசைந்தது. பிறகு தொடையில் எறும்பு ஊர்கிறது என்றார். ஒரு நாள் கட்டு மாற்றும்போது வலி தாங்காமல் அலறினார். நர்ஸ் பதறினாள், நான் சிரித்தேன். அழுதுகொண்டேதான் சிரித்தேன். எந்தப் பொறுமையைப் பெரிய டாக்டர் கேட்டாரோ, அது ஒன்றும் அப்படி அதிகமில்லை. இன்னும் ஒன்றரை மாதம் அவரைச் சும்மா படுக்க விட்டிருந்தால் போதும்.

வருஷம் திரும்புவதற்குள் கட்டையை அக்குளில் கொடுத்து நடக்கத் தொடங்கினார். பெரிய டாக்டர் வரச் சொல்லியிருந்தார் என்று போனோம். வலது காலைச் சோதித்தார். பிறகு இடது முட்டிக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டினார். மிச்சமிருந்த கால் துள்ளியது. கண்ணை மூடச் சொல்லி ஊசி நுனியால் அங்கங்கே தொட்டார். அவர் ஓர் இடம் தப்பாமல் சொன்னார்.

"ரெண்டு பக்கமும் முழுசா சரியாயிடுச்சுப்பா. நரம்புல ஒரு குறையும் இல்ல" என்றார் டாக்டர்.

என் வீட்டுக்காரர் மிச்சமிருந்த இடது காலை ஆட்டிப் பார்த்தார். "அப்போ பாதம் இருந்திருந்தா நான் மரம் ஏறியிருப்பேனா சார்?"

"தாராளமா" என்றார் டாக்டர்.

வெளியே தாழ்வாரத்தில் அத்தை பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். "இன்னாடா சொன்னாரு?" என்று எழுந்தார்.

"நரம்பு நல்லாயிட்சாம்மா" என்றார் அவர்.

அத்தை முகம் அப்படியே பூத்துவிட்டது. "நான்தான் சொன்னேனே. மண்ல போட்டதுக்குத்தாண்டா உசுரு வந்துச்சு" என்றார்.

அவர் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார், ஒன்றும் சொல்லாதே என்று. நான் கையை உதறிக்கொண்டு, டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அத்தையிடம் சொன்னேன்.