புல்லுக்கு அடியில் இருந்த சேறு

அண்ணனின் முதலாண்டு நினைவுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அண்ணன் குளுவாங் அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். அப்பா இறந்தபோது பள்ளியில் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவத்தில் இருந்தவர், படிப்பை விட்டு லாரி ஓட்டி என்னைப் படிக்க வைத்தார். பிறகு ஆயர் ஈத்தாம் பக்கம் வெள்ளைக் களிமண் சுரங்கத்தில் சேர்ந்தார். தோண்டி முடித்த குழிகளை மூடி, மண்ணை இறுக்கி, மரம் நடும் வேலைக்குக் கடைசிவரை அவர்தான் மேற்பார்வையாளர்.

களிமண் கழுவிய தண்ணீர் தேங்கும் சேற்றுக்குளத்தை ஒருமுறை காட்டினார். "மேல பாரு, ரொட்டி மாதிரி காஞ்சிருக்கு. கீழ கஞ்சிலா. கால வச்சே, உன் பொண்டாட்டிக்கு நான்தான் பதில் சொல்லணும்" என்று சிரித்தார்.

சென்ற ஆண்டு சுற்றுச்சூழல் அதிகாரிகள் பார்வையிட வருவதாக இருந்தது. இரண்டு நாள் முன்னதாக, அந்தக் குளத்தின்மேல் கரையிலிருந்தே இயந்திரத்தால் மண்ணைப் பரப்பி, வேரோடு வெட்டிய புல் பத்தைகளை விரிக்கவும், சுற்றி நட்டிருந்த எச்சரிக்கைக் கம்புகளைப் பிடுங்கவும் மேலாளர் அண்ணனுக்கு உத்தரவிட்டார். வேலை முடிந்த நிலமாகத் தெரிய வேண்டுமாம். அண்ணன் எனக்குப் போன் செய்தார்.

"முடியாதுன்னு சொல்லிடப் போறேன்டா."

என் மகள் அதே நிறுவனத்தின் செனாய் அலுவலகத்தில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வேலை நிரந்தரமாகவில்லை. பிள்ளைகள் விஷயத்தில் நான் பயந்தவன்.

"ஒரு நாள்தானேண்ணே? அவங்க பார்த்துட்டுப் போனதும் கம்பையெல்லாம் திரும்ப நட்டுடலாம்லா. பாப்பா வேலை போயிடும்."

"சரி, வை" என்றார்.

அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மறுநாள் பள்ளி விடுமுறை. பக்கத்துக் கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்து, பிள்ளைகள் மீன் பிடிக்க அந்த வழியாகத்தான் போவார்கள் என்று, காலையிலேயே அண்ணன் கம்புகளோடு தனியாகப் போனார். கரை எங்கே முடிகிறது, குளம் எங்கே தொடங்குகிறது என்பதைப் புல் மறைத்திருந்தது. அவருக்கே தெரியவில்லை.

அண்ணன் சேற்றில் புதைந்தது அவருடைய கவனக்குறைவு என்றது நிறுவனம். "அவ்வளவு அனுபவம் இருந்தும் எப்படிப்பா?" என்று துக்கத்துக்கு வந்த உங்களில் பலர் என்னைக் கேட்டீர்கள். கருமக்கிரியை முடியும்வரை வாய் திறக்கவில்லை. பிறகு விசாரணையில் எல்லாவற்றையும் சொன்னேன், நான் போனில் பேசியது உட்பட. மகள் தானாகவே அந்த வேலையை விட்டாள். இப்போது குளத்தைச் சுற்றி வேலி போட்டு, சேற்றை வெளியேற்றி முறையாக மூடுகிறார்கள்.

பலகை போட்டு, கயிறு கட்டி இறங்கி அண்ணனை மீட்ட கம்பத்து மலாய்ச் சகோதரர்களுக்கும், அழுதுகொண்டே மண்வாரி இயந்திரத்தை ஓட்டிய இந்தோனேசியத் தம்பிக்கும், உடலைப் பெறும்வரை மருத்துவமனையில் காத்திருந்த கோயில் நிர்வாகத்தினருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த நினைவு மலருக்காக அச்சுக்குக் கொடுக்குமுன் இதை அண்ணியிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"எல்லாத்தையும் நீங்களே தூக்கிக்காதீங்க தம்பி. உங்களுக்குப் போன் பண்றதுக்கு முந்தியே உங்க அண்ணன் புல்லு லாரிய வரச் சொல்லிட்டாரு. அவருக்கும் பயம்தான். அதையும் எழுதுங்க."

எழுதிவிட்டேன். ஆனால் லாரியை வரச் சொன்ன பிறகும் அண்ணன் என்னை அழைத்திருக்கிறார் என்றால், அதைச் செய்ய வேண்டாம் என்று யாராவது ஒருவர் சொல்ல மாட்டார்களா என்றுதான் அழைத்திருக்கிறார்.