குழாயின் வாய் எந்தப் பக்கம்

1949 ஐப்பசியில் மாசிலாமணியை அடக்கம் செய்தபோது பாதிரியார் அவரைப் பக்திமான் என்றார். சுற்றி நின்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டார்கள். அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. ஞாயிறு பூசைக்குப் போனால் பின்வரிசையில் உட்கார்ந்து தூங்குகிறவர் அவர். என்ஜின் சத்தம் இல்லாத ஒரே இடம் அதுதான் என்பார்.

திண்டிவனம் ரயிலடிக்கு அருகே வெங்கடாசலத்தின் மல்லாட்டை மில்லில் அவர் என்ஜின் மேஸ்திரி. இயந்திரம் மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, உடைக்கும். காற்றாடி தோலையும் தூசியையும் ஊதி, தகரக் குழாய் வழியாக வெளியே தள்ளும். பருப்பில் சொத்தை பொறுக்க நாற்பது பெண்கள். அவர்கள் இல்லையென்றால் மில் இல்லை.

1937 மாசியில் நாற்பது பேரும் மேல்மலையனூர் அங்காளம்மனின் மயானக் கொள்ளைத் திருவிழாவுக்குப் போனார்கள். பதினோரு பேர்தான் திரும்பினார்கள். மிச்சப் பேரை விழுப்புரத்து மில்காரன் ஒருவன் திருவிழாவிலேயே லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். புது ஆள் பிடித்துப் பழக்குவதற்குள் பருவம் பாதி போயிற்று.

மறு மாசி நெருங்கியதும் முதலாளிக்கு ஒரு யோசனை உதித்தது. அங்காளம்மன் படத்தை மில்லுக்குக் கொண்டுவந்தார். பருவம் முடியும்வரை மில்லை விட்டுப் போவதில்லை என்று ஒவ்வொரு பெண்ணையும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யவைத்தார். அன்று அவர் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

திருவிழாவுக்கு முதல் நாள் பெண்கள் மூட்டை கட்டினார்கள். முதலாளி வாசலில் குறுக்கே நின்றார்.

"சத்தியம் பண்ணீங்களேடி!"

பொறுக்குகிறவர்களில் மூத்தவளான குப்பம்மாள் முன்னால் வந்தாள். "பண்ணோம் மொதலாளி. அம்மா பேரச் சொல்லி அம்மாவப் பாக்கவே போவமாட்டேன்னு பண்ணா, அது செல்லுங்களா? அவளே ஒத்துக்க மாட்டா."

முதலாளியும் அங்காளம்மன் பக்தர்தான். வழிவிட்டார். பிறகு மாசிலாமணியைக் கூப்பிட்டார்.

"அவளுங்க திரும்பி வரலன்னா நீயும் வேற எடம் பாத்துக்க."

வீட்டில் மனைவி ஜெயத்துக்கு ஏழு மாதம். மாசிலாமணி செஞ்சிக்குப் பஸ் ஏறினார். அங்கிருந்து மேல்மலையனூருக்கு மாட்டுவண்டி.

மறுநாள் சுடுகாட்டில் ஜனங்கள் தானியத்தையும் கொழுக்கட்டையையும் வாரி இறைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கொழுக்கட்டை அவர் நெற்றியில் பட்டு விழுந்தது. கழுத்துச் சிலுவையைச் சட்டைக்குள் தள்ளிவிட்டு, அதை எடுத்துத் தின்றார். பசி.

"இன்னா மேஸ்திரி, ஏசுநாதர் லீவு குடுத்துட்டாரா?"

குப்பம்மாள். முகமெல்லாம் திருநீறு. அவளுக்குப் பின்னால், புளியமரத்தடியில் விழுப்புரத்து லாரி நின்றது.

"அந்த மில்லுல அப்படி இன்னாதான் குடுக்கறாங்க, குப்பம்மா? கூலி அதேதானே?"

"கூலி அதேதான். மூச்சு வுட்டா திரும்ப மூச்சு வருது. அவ்ளோதான்."

அவருக்குப் புரியவில்லை.

"ஒங்க குழா எங்க மூஞ்சிலதான ஊதுது? துப்புனா செவப்பா வருது. புள்ளைக்குப் பால் குடுத்தா அதுவும் இருமுது. நீ என்ஜின்கிட்ட குந்திக்கினு கீற, ஒனக்கு இன்னா தெரியும்? அந்தக் குழாய எவன் வெச்சானோ, அவன் கையில..."

"நான்தான் வெச்சேன்."

சாபம் பாதியில் நின்றது.

ஆறு வருடத்துக்கு முன்பு குழாய் நேராக வடக்கே, முதலாளி அறை ஜன்னலைப் பார்த்து இருந்தது. அவர் தும்மினார். மாசிலாமணி ஒரு வளைவு போட்டுத் தெற்கே திருப்பினார். வளைவின் அளவு, காற்றின் வேகம் எல்லாம் சரியாகக் கணக்குப் போட்டிருந்தார். தெற்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது கணக்கில் வரவில்லை.

"திருப்பிட்றேன்."

"எப்ப? அடுத்த மாசியிலா?"

"நாளைக்கு. நாளான்னிக்கு வந்து பாருங்க. தூசி வந்தா லாரி ஏறுங்க, நானும் ஏறிக்கறேன்."

"நீ ஏறுனா நாங்க எறங்கிடுவோம்."

குழாயைப் பின்பக்கம் நீட்டத் தகரம் வேண்டும். தகரம் என்றாலே முதலாளி அடுத்த வருஷம் என்பார். மாசிலாமணி யாரையும் கேட்கவில்லை. வளைவை மட்டும் கழற்றி ஓரமாக வைத்தார்.

மூன்றாம் நாள் காலை பெண்கள் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். என்ஜின் ஓடத் தொடங்கியது. ஐந்து நிமிடத்தில் அறைக் கதவு திறந்தது. புருவத்திலிருந்து வேட்டி வரை செம்பழுப்பாக முதலாளி வெளியே வந்தார்.

"டேய் மாசிலாமணி! இன்னாடா பண்ண?" மீதியை இருமல் தின்றுவிட்டது.

"ஐயய்யோ, மல்லாட்டை மாதிரியே கீறாரு! வாங்கடி, பொறுக்கிப் போட்டுடலாம்," என்றாள் குப்பம்மாள்.

சிரித்துக்கொண்டே உள்ளே போய் உட்கார்ந்தார்கள். முப்பத்தெட்டுப் பேர். இரண்டு பேர் அவசரப்பட்டு லாரி ஏறிவிட்டிருந்தார்கள்.

"ஜல்தியா திருப்புடா அத!"

"திருப்பறேங்க. அப்புறம் இவங்கள லாரியிலேர்ந்து எறக்க நீங்கதான் போவணும்."

முதலாளி பெண்களைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். "வேற வழி?"

"பின்பக்கம் கொண்டு போலாம். இருவது அடி தகரம் வேணும்."

நாற்பது பேர் ஆறு வருடம் இருமியும் வராத தகரம், ஒருவர் இருமியதும் நான்கே நாளில் வந்து இறங்கியது.

அடுத்த மாசியில் மயானக் கொள்ளைக்கு முப்பத்தெட்டுப் பேர் போனார்கள். நாற்பத்தொரு பேர் வந்தார்கள். முதலாளி புது முகங்களைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"இவங்க யாருடா?"

"விழுப்புரத்துக்காரங்க," என்றார் மாசிலாமணி. "குழாயப் பாக்க வந்தாங்களாம்."