மூடிக்குள் அடங்காத ஏழாம் நம்பர்

ஐஸ் ஹொக்கி அணி ஒன்றில் யார் நிற்கப்போகிறார், யார் போகப்போகிறார் என்பது பயிற்சியாளருக்குத் தெரிவதற்கு முதலே சட்டை தைக்கிறவனுக்குத் தெரிந்துவிடும். நான் அந்தச் சட்டை தைக்கிறவன்.

ஜேர்மனியில் எசன் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நகரம், அதில் ஒரு ஐஸ் மண்டபம், அதற்குள் ஒரு கழகம். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, இரண்டு உணவகங்களில் கோப்பை கழுவி, ஒரு சலவையறையில் குனிந்து குனிந்து நாரி முறிந்து, கடைசியில் இந்தக் கழகத்தின் உடுப்பறைக்கு வந்து சேர்ந்தேன். வியர்வையில் ஊறிய உடுப்புகளைத் தோய்ப்பது, சறுக்குச் சப்பாத்தின் அலகைத் தீட்டுவது, சட்டை முதுகில் பெயர் தைப்பது, இவ்வளவும் என் பொறுப்பு. ஐஸ் என்றால் மீன் பழுதாகாமல் வைக்கிற சாமான் என்று மட்டும் அறிந்திருந்த எனக்கு இப்படி ஒரு பிழைப்பு வாய்த்தது.

மாதச் சம்பளத்தில் காலம் தள்ளும் என் சக பாவிகளே, உங்களுக்கு ஒரு விசயம் சொல்லவேண்டும். கழகங்கள் ஒவ்வொரு கோடையிலும் வீரர்களின் மொத்தச் சம்பளம் இவ்வளவுதான் என்று லீக் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்கவேண்டும். அவர்கள் முத்திரை குத்திய பிறகு ஒரு சதம் கூடினாலும் லைசன்சுக்கு ஆபத்து. இந்த உச்சவரம்புக்கு எங்கள் மனேஜர் பிரிங்க்மன் வைத்த பெயர் மூடி. பானை மூடிதான். மனிதர் கழகம் கொடுத்த பெரிய கறுப்புக் காரில் வந்து இறங்கி, நாள் முழுக்க அந்த மூடியை அமத்திப் பிடித்துக்கொண்டிருப்பார்.

இன்னொன்று. ஜேர்மன்காரரையும் மற்ற வெள்ளைக்காரரையும் நான் இங்கே யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசவிட்டிருக்கிறேன். வேறு தமிழில் பேசவைக்க எனக்கு வராது.

ஊக்கும் நூலும்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆவணியில் பிரிங்க்மன் ஒரு பட்டியலையும் ஒரு பெட்டி ஊக்கையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பட்டியலில் மையால் எழுதிய பெயர்களும் இருந்தன, பென்சிலால் எழுதிய பெயர்களும் இருந்தன. மையில் இருந்தவர்கள் மூடிக்குள் வந்துவிட்டார்கள், அவர்களின் பெயரைத் தைக்கலாம். பென்சிலில் இருந்தவர்களுக்கு இன்னும் காசு பொருந்தவில்லை. அவர்களின் பெயர்த் துணியை நாலு ஊக்கால் சட்டையில் குத்தி, என் அறைக்குள்ளேயே வைத்திருக்கவேண்டும்.

வீரர்களுக்கு இது தெரியாது என்று மனேஜர் நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாளே ஆறடி ஆம்பிளைகள் ஒவ்வொருவராக என் அறைக்குள் நுழைந்து, சும்மா வந்ததுபோலத் தங்கள் சட்டையின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் எனக்குச் சொக்கலேட் கொண்டுவந்தார். இன்னொருவர் தன் மனைவி சுட்ட கேக்கைக் கொண்டுவந்தார். நான் இரண்டையும் வாங்கிச் சாப்பிட்டேன், ஆனால் நூலைத் தொடவில்லை.

ஏழாம் நம்பர் டிர்க் மட்டும் ஒன்றும் கொண்டுவரவில்லை. தடுப்பு வரிசையில் நிற்பவர், முன்பல் இரண்டு இல்லை, பத்து வருடத்துக்கு மேலாக அதே கழகம். வருடா வருடம் அவர் பெயர் பென்சிலில்தான் வரும், புரட்டாதியில்தான் மையாகும். அன்றும் முதுகைத் தடவினார், ஊக்கு விரலில் குத்தியது, விரலைச் சூப்பிக்கொண்டு சொன்னார்: "பரவாயில்லை அன்ரன், துருப்பிடிக்காத ஊக்காப் பார்த்துக் குத்தும். நான் கனகாலம் இதிலை தொங்கவேண்டியவன்."

கதவடைப்புக் குளிர்காலம்

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு குளிர்காலம் உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். அமெரிக்காவில் ஹொக்கி முதலாளிகள் கதவை இழுத்துப் பூட்டினார்கள். அவர்களுக்கும் சம்பளத்துக்கு ஒரு மூடி வேண்டுமாம், வீரர்கள் ஏலாது என்றார்களாம். வேலையில்லாமல் போன கோடீஸ்வரர்கள் ஐரோப்பாவெங்கும் பறந்து வந்தார்கள். அதில் லோகன் என்ற கனடாக்காரர் எங்கள் கழகத்தில் வந்து இறங்கினார்.

அவரை வாங்க எங்களிடம் ஏது காசு? அவர் கேட்டதோ கைச்செலவுக்குக் கொஞ்சம், ஒரு வீடு, காலுக்குக் காப்புறுதி. கைச்செலவு மூடிக்குள் வந்தது, காப்புறுதிக் காசை எங்கள் சட்டையில் விளம்பரம் போட்ட தளபாடக் கடைக்காரர் கட்டினார். பிரிங்க்மன் சந்தோசத்தில் லோகனின் பெயரை நேரே மையாலேயே எழுதினார். ஆனால் ஒரு ஆள் வந்தால் ஒரு ஆள் தள்ளி இருக்கத்தானே வேண்டும். அந்த வருடம் மட்டும் புரட்டாதி கழிந்தும் டிர்க்கின் பெயர் மையாகவில்லை, குளிர்காலம் முழுக்க மாதாமாதக் கூலிக்கு, பெரும்பாலும் ஐஸுக்கு வெளியே வாங்கில் இருந்தே ஆட்டம் பார்த்தார்.

லோகன் நல்ல மனுசன். தன் சப்பாத்தைத் தானே தூக்கி வருவார். ஒருநாள் என் அறையில் ஊக்குக் குத்திய சட்டைகளைக் கண்டு இது என்னவென்று கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீசில் மூடியையும் பென்சிலையும் விளக்கினேன். அவர் டிர்க்கின் சட்டையைக் கையில் எடுத்து, நாலு ஊக்கையும் எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அட கடவுளே, அங்கை நாங்கள் இவ்வளவு மாதமாச் சண்டை பிடிக்கிறது இந்த ஊக்கு எங்கட முதுகிலை ஏறக்கூடாதெண்டுதானா?"

வீட்டுக்குள் வந்த மூடி

இந்த வியாதி வீட்டுக்கும் தொற்றியது. மகள் கோயிலில் முதல் தடவை நற்கருணை வாங்கும் முதல் நன்மைக் கொண்டாட்டத்துக்குப் பங்குக் கோயில் மண்டபத்தை எடுத்தோம். நூற்றிருபது பேருக்கு மேல் ஒரு தலையும் கூடாது, தீயணைப்புச் சட்டம் என்று மண்டபப் பொறுப்பாளர் விரலை ஆட்டிச் சொல்லிவிட்டார். எங்கள் சொந்தக்காரரோ எசனிலேயே அதற்கு மேல். நான் மனேஜரின் வழியில் இறங்கினேன். கட்டாயம் வேண்டியவர்கள் மையில், மற்றவர்கள் பென்சிலில்.

என் மனைவி வசந்தி தேத்தண்ணியோடு வந்து எட்டிப் பார்த்தாள். அவளுடைய சித்தப்பா பென்சிலில் இருந்தார். கோப்பையை டக்கென்று வைத்துவிட்டுச் சொன்னாள்: "இஞ்சாருங்கோ, உங்கட ஐஸ் மண்டபப் புத்தியை அங்கையே வைச்சிட்டு வாங்கோ, என்ர சித்தப்பாவை ஊக்கிலை குத்தி வைக்கேலாது!"

நான் தைத்த பிழை

இரண்டு வருடம் கழித்துத் தளபாடக் கடைக்காரர் கழன்றுவிட்டார். மூடி இன்னும் கீழே இறங்கியது. தடுப்பு வரிசையில் ஒரு இடம்தான் மிச்சம். பென்சிலில் இரண்டு பெயர், டிர்க் ஒன்று, மாரெக் மற்றது. மாரெக் சிலோவாக்கியாக்காரர், வந்து ஒரு வருடம்தான், அதிகம் பேசமாட்டார்.

டிர்க்குக்கு அப்போது முப்பத்தாறு வயது. மண்டபத்திலிருந்து பத்து நிமிட நடையில் வீடு கட்டி, பிள்ளைகளை அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார். இங்கே இடமில்லை என்றால் நாட்டின் மறுகோடியில், போலந்து எல்லைப் பக்கம் ஒரு கழகம் கூப்பிட்டது. கடைசி ஒரு வருடம், அதைப் பிள்ளைகள் நித்திரைக்குப் போகும் வீட்டில் இருந்து விளையாடி முடித்துவிட்டால் போதும் என்று என்னிடம் சொன்னார். கெஞ்சவில்லை, சொன்னார், அவ்வளவுதான். அது எனக்குத் தாங்கமுடியவில்லை. அடுத்தநாள் ஏழாம் நம்பர் சட்டையை எடுத்து, ஊக்கைக் கழற்றிவிட்டு, இரட்டை நூல் போட்டு இறுக்கித் தைத்தேன். பிரிக்கச் சொன்னால் பிரிக்கலாம்தானே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை ரசிகர்களுக்குக் கழகத்தைத் திறந்துவிடும் நாள். எங்கள் வழக்கப்படி, தைத்த சட்டைகளை அலுவலகப் பெண்கள் வந்து எடுத்துப்போய் வாசல் மண்டபத்தில் வரிசையாகத் தொங்கவிடுவார்கள். ஊக்குக் குத்தியவை என் அறையிலேயே இருக்கும். நான் வீட்டில் நின்றேன், அவர்கள் ஏழாம் நம்பரையும் சேர்த்துத் தொங்கவிட்டார்கள். ரசிகர்கள் அதைக் கண்டு கத்திய கத்தலில் கண்ணாடி அதிர்ந்ததாம். திங்கட்கிழமைப் பத்திரிகையில் படமே வந்துவிட்டது, டிர்க் நிற்கிறார் என்று.

பிரிங்க்மன் பத்திரிகையோடு கீழே இறங்கி வந்தார். இதை யார் தைத்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். அவர் கத்தவில்லை. கதிரையில் இருந்து பட்டியலை எடுத்தார், டிர்க்கின் பெயரை மையால் எழுதினார், பிறகு அழிறப்பரை எடுத்து மாரெக்கின் பெயரை அழித்தார். தைக்கும்போது டிர்க்கின் பிள்ளைகளைத்தான் நினைத்தேன். மாரெக்கின் சட்டை பக்கத்திலேயே தொங்கியது, அதை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. பிரிங்க்மன் எழும்பிப் போகும்போது சொன்னார்: "மூடி அதே அளவுதான் அன்ரன். நீர் ஒருத்தனை உள்ளுக்குத் தள்ளினால் மற்றப் பக்கத்தாலை ஒருத்தன் வெளியிலை விழுவான்."

மாரெக்கின் சப்பாத்து

மாரெக் தன் சப்பாத்தை எடுக்க வந்த அன்று அதை இரண்டு தரம் தீட்டிக் கொடுத்தேன். செய்ததை மறைக்க மனம் வரவில்லை, சொல்லிவிட்டேன். அவருக்குத் தெற்கே ஒரு சின்னக் கழகத்தில் இடம் கிடைத்திருந்தது, சம்பளம் குறைவு. மனைவியும் குழந்தையும் இங்கே பாதி பிரித்த பெட்டிகளைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

அவர் அலகில் விரலை வைத்துப் பார்த்தார், நல்ல கூர் என்று தலையாட்டினார். சப்பாத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று சொன்னார்: "நீர் தைக்காட்டியும் மூடி எங்களிலை ஒருத்தனைத் தள்ளியிருக்கும். ஆனால் இனி எங்கையாவது சந்திச்சால் என்ர பெயரையும் இரட்டை நூலிலை தையும்."

கொக்கியில் ஒரு ஜக்கெட்

டிர்க் அந்தக் கடைசி வருடத்தை முழுதாக விளையாடினார். இரண்டு விலா எலும்பு போனது, ஆனாலும் விளையாடினார். அடுத்த வசந்தத்தில் கழகத்தின் நிலைமை இன்னும் மோசம். அதுவரை மூடி வீரர்களுக்கு மட்டும்தான் இருந்தது. அந்த முறை அலுவலகம், ஐஸைச் சீவி மட்டமாக்கும் ஐஸ் வண்டி, உடுப்பறை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு மூடி போட்டார்கள்.

ஒருநாள் காலை வேலைக்கு வந்தால், கழகம் கொடுத்த புது ஜக்கெட் என் கொக்கியில் தொங்குகிறது. முதுகில் அன்ரன் என்று பெயர்த் துணி, நாலு மூலையிலும் நாலு ஊக்கு. பிரிங்க்மன் வாயால் சொல்லத் தேவையில்லை, எங்கள் அறையின் பாசை அதுதானே. எனக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. இனி எந்தச் சலவையறை என்னை எடுக்கும்? மத்தியானச் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை. மாரெக்கை நினைத்தேன். நாலு ஊக்கின் பாரம் எவ்வளவு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அன்று பின்னேரம் டிர்க் தன் சாமான்களை எடுக்க வந்தார். ஜக்கெட்டைக் கண்டார், நாலு ஊக்கையும் தொட்டுப் பார்த்தார். எங்கள் கழகத்தில், விளையாட்டை விடுகிறவர் தன் சட்டையைத் தானே வாசல் மண்டபத்தில் தொங்கவிடவேண்டும். சனிக்கிழமை ரசிகர்கள், பத்திரிகைக்காரர் எல்லாரும் பார்த்து நிற்க, டிர்க் ஏழாம் நம்பரைத் தொங்கவிட்டார். பிறகு பையிலிருந்து இன்னொன்றை எடுத்து அதற்குப் பக்கத்தில் மாட்டினார். என் ஜக்கெட். ஊக்கு ஒன்றுமில்லை. இரட்டை நூலில், பிள்ளைகள் எழுதிப் பழகியதுபோல் கோணல்மாணலாகத் தைத்திருந்தது. முறிந்து பொருந்திய விரல்கள் அதற்கு மேல் என்ன செய்யும்! ரசிகர்கள் விசயம் தெரியாமலே கைதட்டினார்கள். நான் அழுதுவிட்டேன், ஐஸ் மண்டபத்துக் குளிர் கண்ணில் பட்டதென்று வசந்தியிடம் சொன்னேன்.

பிரிங்க்மன் வந்து தையலைத் தடவிப் பார்த்தார். இதை ஆர் தைச்சது என்று அவர் கேட்கவில்லை. பொக்கற்றுக்குள் இருந்து பேனையை எடுத்தார், பென்சிலை அல்ல. எனக்கோ சந்தோசத்துக்கு முதல் பயம்தான் வந்தது. ஐஸ் வண்டிக்காரனா, அலுவலகப் பிள்ளைகளில் ஒருத்தியா, இப்போது மற்றப் பக்கத்தால் விழப்போவது யார் என்று கேட்டேன். அவர் கண்ணாடிக்கு வெளியே நின்ற அந்தப் பெரிய கறுப்பு வாகனத்தைக் காட்டிச் சொன்னார்: "என்ர கார்தான் அன்ரன். திங்கட்கிழமையிலை இருந்து நானும் உம்மைப்போல ட்ராமிலைதான் வாறன், எத்தினையாம் நம்பர் ட்ராம் எண்டு சொல்லும்."

ஆகவே, சம்பளத்தை நம்பிச் சீவிக்கும் என் சக பாவிகளே, காலையில் வேலைக்கு வெளிக்கிடும்போது உங்கள் முதுகை ஒருதரம் தடவிப் பாருங்கள், குத்தினால் ஊக்கு, குத்தாவிட்டால் உங்களுக்காக யாரோ காரை விட்டு ட்ராமில் போகிறார்கள்.