கையை நீட்டிப் படிக்கிறவர்கள்

கண்ணாடிக் கடையில் நிற்கிறவனிடம் யாரும் உண்மையான வயதைச் சொல்வதில்லை. சொல்லவும் வேண்டாம், போனில் எதையாவது படிக்கச் சொன்னால் கை தானாக நீண்டு சொல்லிவிடும்.

நாற்பதை ஒட்டி எல்லோருக்கும் வருகிற சங்கதிதான் இது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப்போய், பக்கத்தில் இருப்பது கலங்கும். நாம் வெள்ளெழுத்து என்கிறோம். எங்கள் ஓசூர் கடைக்கு வரும் கன்னடக்காரர்கள் சாளீசு என்பார்கள். நோயும் இல்லை, குற்றமும் இல்லை. ஒரு படிக்கிற கண்ணாடி போட்டால் தீர்ந்தது. ஆனால் எங்கள் கடையில் மூலம், பவுத்திரத்துக்கு மருந்து கேட்கிற மாதிரி குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள்.

கவுண்டருக்கு உள்பக்கம் நின்று சம்பளம் வாங்குகிற எவருக்கும் தெரியும், நமக்குக் கோபம் வரக்கூடாது. நானோ பிறவியிலேயே மெல்லப் பேசுகிறவன். தாத்தா பாட்டி வாய்க்கதை கேட்டு வளர்ந்ததில் ஒரே லாபம், யார் என்ன சொன்னாலும் சொன்னபடியே மனதில் நிற்கும். அந்தக் கதைகளில் கண் மங்கிய கிழ ராஜா இருப்பார், மருந்து தேடிப் போகிற இளவரசன் இருப்பான். நாற்பது வயதுக்காரர் ஒருவர்கூட இருந்ததில்லை. அவர்களை எங்கே அனுப்பினார்கள் என்பது இந்த வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

போன்காரன் செய்த சதி

ராயக்கோட்டைத் தக்காளி மண்டியிலிருந்து ஒரு பாய் வந்தார். மெசேஜ் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை, மகனைக் கூப்பிட்டுத்தான் படிக்க வேண்டியிருக்கிறது என்றார். வயது கேட்டேன். முப்பத்தாறு என்றார். மகன் காலேஜ் முடித்துவிட்டான் என்று அதற்கு முன்னால் அவரே சொல்லியிருந்தார்.

நாற்பது தாண்டினால் எல்லோருக்கும் இப்படித்தான் பாய் என்று சொன்னேன். அவ்வளவுதான், கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி பிடித்துக்கொண்டார். இந்த வயசுல நான் ரெண்டு கூடையை ஒண்ணாத் தூக்குறேன், நீ தூக்குவியா, நேத்து முளைச்ச பையன் எனக்கு வயசு சொல்றியா என்று கால் மணி நேரம். நான் கைகட்டி நின்றேன். கடைசியில் கண்ணாடியை வாங்கி, போட்டுப் பார்த்து, மெசேஜை முழுக்கப் படித்து முடித்துவிட்டு எழுந்தார்.

"கண்ணுல ஒரு குறையும் இல்ல தம்பி, போன்காரன்தான் வருசா வருசம் எழுத்தைச் சின்னது பண்ணிகினே வரான்."

தெரியாத கண்ணாடி

பாய்க்கு வந்தது வீராப்பு. மஞ்சுளா அக்காவுக்கு வந்தது பயம்.

சூளகிரிப் பக்கம் ஒரு ரப்பர் வாஷர் கம்பெனியில் அவருக்கு வேலை. ட்யூப்லைட்டுக்கு அடியில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாஷரையும் விரலில் சுழற்றிப் பார்த்து, மயிரிழை வெடிப்பு இருந்தாலும் தள்ளிப்போட வேண்டும். அந்த மேஜையில் மற்றவர்கள் எல்லாம் இருபது, இருபத்தொன்று. இவருக்கு நாற்பத்திரண்டு. சாயங்காலமானால் வாஷரை எட்டப் பிடித்துப் பார்க்கத் தோன்றுகிறதாம். ஆனால் எட்டப் பிடித்தால் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும், அதனால் கையை மடக்கி வைத்துக்கொண்டு கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறாராம். தலைவலி தாங்கவில்லை.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போங்களேன் அக்கா என்றேன். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. படிக்கிற கண்ணாடியோடு யார் வந்தாலும், அந்த மேஜையிலிருந்து எழுப்பி லோடிங்குக்கோ கூட்டிப் பெருக்கவோ அனுப்பிவிடுவார்கள். அப்படிப் போன இரண்டு பேரை அவர் பார்த்திருக்கிறார். கடையில் இருந்த ஃப்ரேம் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் சுவர்க் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துவிட்டுக் கழற்றி வைத்தார்.

"கண்ணாடி வேணும் தம்பி, ஆனா போட்டுகினா யாருக்கும் தெரியக்கூடாது."

முப்பது வயது ஒன்று, சீக்கிரம்

அதே வாரம் லோகேஷ் வந்தான். என் வயதுதான், திருநெல்வேலிப் பக்கம். அதே வாஷர் கம்பெனியில் அதே மேஜைக்கு அவனை லைன் லீடர் ஆக்கியிருந்தார்கள். சோதித்தேன், கழுகுக் கண். எதற்கு வந்தாய் என்றேன்.

சங்கடத்தோடுதான் சொன்னான். மீசை சரியாக வளரவில்லை. என்ன சொன்னாலும் மேஜையில் இருக்கிறவர்கள் சிரிக்கிறார்கள். அதிலும் வயதில் பெரிய அக்கா ஒருவர், சாப்பிட்டியா கண்ணு என்று கேட்டே இவன் திட்ட வந்ததை மறக்கடித்துவிடுகிறார். கெட்ட பையன் இல்லை. கறுப்புத் தடி ஃப்ரேம் ஒன்றைப் பொறுக்கி, சாதாக் கண்ணாடி போட்டுத் தரச் சொன்னான். மஞ்சுளா அக்கா கழற்றி வைத்ததில் அதுவும் ஒன்று.

"பவர் வேண்டாம் ப்ரோ, பாத்தா முப்பது வயசு தெரியணும், அவ்வளவுதான்."

மனப்பாடம்

கம்பெனியில் எல்லோருக்கும் கண் பரிசோதனை என்று அறிவித்தார்கள். நடத்துவது எங்கள் கடை. மஞ்சுளா அக்கா ஞாயிற்றுக்கிழமை வந்தார். தயங்கி நின்றுவிட்டு, திடீரென்று எங்கள் சுவரில் தொங்குகிற எழுத்துப் பலகையைப் பார்க்காமலே மேலிருந்து கீழ்வரை ஒப்பித்தார். ஒரு எழுத்து தப்பவில்லை. போன தடவை வந்தபோது மகளைவிட்டுப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார். பஸ்ஸில் வருகையில், சோறு ஆக்குகையில் எல்லாம் அதுதான் வேலையாம்.

அது தூரப்பார்வைக்கான பலகை. அவருக்குத் தூரத்தில் ஒரு குறையும் கிடையாது, மனப்பாடம் இல்லாமலே கடைசி வரிவரை படித்துவிடுவார். அவரைப் பிடிக்கப்போவது பக்கத்தில் பிடித்துப் படிக்கிற சின்ன அட்டை. அதைச் சொன்னதும் முதலில் சிரித்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார். மகள் நர்சிங் இரண்டாம் வருடம். அவள் முடிக்கிறவரைக்குமாவது அந்த நாற்காலி வேண்டும் என்றார். கூட்டிப் பெருக்குகிறவர்களைப் பாதி மாதம் வரவேண்டாம் என்று நிறுத்திவிடுவார்களாம்.

அந்த அட்டையின் படத்தைக் கொடுக்கச் சொன்னார். அன்றைக்கு நாங்கள் கூட்டிவரும் டாக்டர் எந்த அட்டையை எடுப்பார் என்று எனக்கே தெரியாது என்றேன். கண்ணாடி போட்டுப் படியுங்கள், போட்டால் உங்கள் கண் இருபது வயதுக் கண், நானே அங்கே இருப்பேன், நானே சொல்கிறேன் என்றேன். அவர் என்னை நம்பின மாதிரி தெரியவில்லை.

"வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து ஒரு கம்ப்ளைன்ட் வராத கண்ணு தம்பி, இது போய் இப்ப அட்டைகிட்டப் பாடம் ஒப்பிக்கணுமா?"

மூளைக்கு வயதில்லை

பரிசோதனை அன்று கம்பெனி சாப்பாட்டுக்கூடத்தில் மேஜை போட்டோம். வரிசையை ஒழுங்குபடுத்தியது லோகேஷ், தடி ஃப்ரேமோடு. அவனை யாரும் லோடிங்குக்கு அனுப்பவில்லை.

மஞ்சுளா அக்கா கண்ணாடியில்லாமல் அட்டையில் பாதியில் நின்றுவிட்டார். கண்ணாடி போட்டதும் கடைசி வரியை மூச்சுவிடாமல் படித்தார். டாக்டர் அப்படியே எழுதினார்: கண்ணாடியுடன் பார்வை முழுமை. பர்சனல் மேனேஜர் அந்தத் தாளை வாங்கி, கையை நன்றாக நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்துப் படித்தார். படித்துவிட்டு, இந்தம்மாவை நாளையிலிருந்து ஹவுஸ்கீப்பிங்கில் போடு என்று லோகேஷிடம் சொன்னார். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

சார், கண்ணாடியோடு எல்லாமே தெரிகிறது என்று எழுதியிருக்கிறதே என்றேன். கம்ப்ரஸர் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். நேற்றுவரைக்கும் சரியாகப் பார்த்த கண்ணு சார், நாளைக்கு இன்னும் நன்றாகப் பார்க்கும் என்றேன். கம்பெனி பழக்கம் தம்பி, வயசானா வேகம் குறையும் என்றார். இந்த அக்காவின் வேகம் குறைந்ததா என்று யாராவது பார்த்தார்களா என்றேன். அவர் அடுத்த தாளை எடுத்து மறுபடி கையை நீட்டினார். அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. நீங்களும் கையை நீட்டித்தானே சார் படிக்கிறீர்கள் என்று, இந்த முறை கூடமே கேட்கிற மாதிரி சொன்னேன். எங்கள் முதலாளி என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார். வரிசையில் நின்ற இருபது வயதுப் பெண்கள் எல்லோரும் மேனேஜரின் கையையே பார்த்தார்கள். அவர் அதை மடக்கவில்லை. மடக்கத் தேவையிருக்கிறதாகவே அவருக்குத் தோன்றவில்லை.

"என் வேலை மூளையில தம்பி, மூளைக்கு வயசு கிடையாது."

கயிறு

மழைக்காலம் தொடங்கியபோது மஞ்சுளா அக்கா கடைக்கு வந்தார். கண்ணாடி முகத்திலேயே இருந்தது. அதைப் பார்த்ததும், மேஜைக்குத் திரும்பிவிட்டார், யாரோ ஒருவருக்குப் புத்தி வந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம் பொங்கிவிட்டது. கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்.

குனிந்து துடைக்கிறபோது கண்ணாடி நழுவுகிறதாம், கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு கயிறு வேண்டுமாம். தரை கழுவுகிற மருந்துக் கேனில் எவ்வளவு தண்ணீர் கலப்பது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள், படிக்காமல் ஊற்றினால் கை வெந்துபோகிறது என்று விரல்களைக் காட்டினார். நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. மாதத்தில் பாதி நாள்தான் கூப்பிடுகிறார்கள்; மகளின் படிப்பு இன்னும் நிற்கவில்லை, எத்தனை நாளோ என்றார். எனக்குக் கயிற்றைக் கோக்க வரவில்லை. அவரே வாங்கிக் கோத்துக்கொண்டார். பெருக்குகிற இடத்திலும் கண்ணாடியைப் பார்த்து ஏதாவது சொல்லப்போகிறார்கள் அக்கா, ஜாக்கிரதை என்றேன்.

"பெருக்குறவ மூஞ்சிய யாரு தம்பி பாக்குறாங்க, இப்ப நான் தாராளமாப் போட்டுக்கலாம்."

எங்கள் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சரியான வயது என்று ஒன்று இருக்கத்தான் வேண்டும். அது எப்போது வந்து எப்போது போகிறது என்று பார்க்கிற அளவுக்கு ஒரு கண்ணாடி மட்டும் எங்கள் கடையில் இன்னும் வரவில்லை.