யோசிக்காமல் எழுதுகிறவர்

"மழை பேஞ்சுக்கிட்டே இருக்கு கால் வெறைக்குது தலவாக்கலை பஸ் வந்துருச்சு ஒண்ணும் வரல ஒண்ணும் வரல" என்று வீரய்யா எழுதிக்கொண்டே போகிறார். பேனா தாளைவிட்டு எழும்பவில்லை. கண்டக்டர் ஜன்னல் வழியாக நீட்டும் சீட்டை நிமிர்ந்து பார்க்காமலே வாங்கி, இடது கையால் முத்திரை குத்தித் தள்ளுகிறார். வலது கை அதன்பாட்டில் ஓடுகிறது.

மலையகத்து லிந்துலை பஸ் தரிப்பிடத்தில் இருக்கும் தகரக் கூண்டுதான் அவருடைய இடம். பஸ்கள் வந்துபோகும் நேரத்தைப் பதியும் டைம்கீப்பர். வயது ஐம்பத்தைந்து இருக்கும். காதை மூடிய கம்பளித் தொப்பி, முழங்கை தேய்ந்த கோட்டு. தாள் நிறைந்ததும் திரும்பிப் படிக்காமல் நான்காகக் கிழித்துப் பையில் போட்டுவிடுவார். பக்கத்துத் தேநீர்க் கடை மீராசாஹிப் அந்தத் துண்டுகளைக் கொண்டுபோய் அடுப்பு மூட்டுவார். "எழுத்தாளர் தயவுல நம்ம தண்ணி கொதிக்குது" என்பார். வீரய்யா சிரித்து நான் பார்த்ததில்லை.

முன்பு அவர் நிஜமாகவே எழுத்தாளர். ஞாயிறு பத்திரிகைகளில் கதைகள் வந்திருக்கின்றன. கடைசியாக வந்தது, மூன்று வருடங்களுக்கு முன் அவருடைய தேயிலைத் தோட்டத்தில் மண் சரிந்து, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த ஒரு லயம் புதைந்ததைப் பற்றியது. அந்தச் சரிவில் அதே தோட்டத்து நாகலெட்சுமியின் ஆறு வயது மகள் போய்விட்டாள். கதையில் பெயரை மாற்றியிருந்தார். ஆனால் அந்த லயத்தில் போன குழந்தை ஒன்றுதான். மண்ணுக்கு அடியிலிருந்து குழந்தை "அம்மா" என்று கூப்பிடுவதோடு கதை முடியும். பலர் கண் கலங்கியதாகக் கடிதம் போட்டார்கள்.

நாகலெட்சுமி எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். கதையை வாசித்து முடித்துவிட்டு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கேட்டது ஒன்றே ஒன்று.

"அண்ணே, அது கூப்புட்டத நீங்க கேட்டீங்களா, இல்ல நீங்களா எழுதுனீங்களா?"

"நானா எழுதுனதுதான் தங்கச்சி."

அவள் நம்பவில்லை. தன்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து வீரய்யாவுக்குக் கதை வரவில்லை. முதல் வரி எழுதுவார், இது யாருடைய வாசலுக்குப் போகுமோ என்று தோன்றும், வைத்துவிடுவார்.

போன வருடம் ஹட்டனில் நடந்த ஓர் எழுத்துப் பட்டறைக்கு நண்பர்கள் இழுத்துப் போனார்கள். யாழ்ப்பாணத்து ஆசிரியை லோஜனா சொல்லிக்கொடுத்தது இந்தப் பயிற்சி. "பேனையை நிப்பாட்டாதேங்கோ. பிழை பாக்காதேங்கோ. ஒண்டும் வராட்டி ஒண்டும் வரேல்லை எண்டு எழுதுங்கோ." கம்ப்யூட்டர் வேண்டாம், கையாலேயே எழுதுங்கோ என்றாராம். அது வீரய்யாவுக்குப் பிடித்துப்போயிற்று. "மண்டையிலருந்து வர்றதுல பொய் கலந்துருதுங்க. கை என்ன சொல்லுதுன்னு பாப்போம்" என்று தேநீர்க் கடையில் எல்லோரிடமும் சொன்னார். கதை திரும்பி வரும் என்று நம்பித்தான் தினமும் எழுதுகிறார். இதுவரை வரவில்லை.

அந்தப் பேச்சு எப்படியோ நாகலெட்சுமியின் காதுக்கும் போயிருக்கிறது. தலவாக்கலையில் ஒரு துணிக்கடையைக் கூட்டித் துடைக்கும் வேலைக்கு அவள் இங்கிருந்துதான் பஸ் ஏறுவாள். மூன்று வருடங்களாகக் கூண்டுப் பக்கம் திரும்பாதவள், போன வியாழக்கிழமை நனைந்த முக்காட்டோடு ஜன்னலில் வந்து நின்றாள். பஸ்ஸுக்காக நானும் அங்கேதான் ஒதுங்கியிருந்தேன்.

"யோசிக்காம எழுதுனா உள்ளதுதான் வரும்னு சொன்னீங்களாமே. அன்னைக்குச் சாயந்தரத்த எழுதுங்க. எங் கண்ணு முன்னால."

"வேணாம் தங்கச்சி."

"எழுதுங்கண்ணே."

அவர் தாளை இழுத்துக்கொண்டார். அவள் எழுத்துகளைப் பார்க்கவில்லை. பேனா முனை எங்காவது நிற்கிறதா என்று மட்டும் பார்த்தாள். அது நிற்கவில்லை. பக்கம் நிறைந்ததும் தாளை அவள் பக்கம் தள்ளினார். உதடு அசைய, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு வாசித்தாள்.

"பஸ் ஓடல நடந்தே வந்தேன் இருட்டிருச்சு லயத்தக் காணோம் மண்ணு மண்ணு ஆளுக நிக்கிறாங்க யாரும் பேசல ஒரு சத்தமும் இல்ல ஒரு சத்தமும் இல்ல."

அந்தக் கடைசிச் சொற்கள்தான் தாளின் அடிவரை திரும்பத் திரும்ப இருந்தன.

வீரய்யா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இனியாவது அவளுக்குத் தூக்கம் வரும் என்று நினைத்தாரோ என்னவோ. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவள் நிமிர்ந்தாள். "அப்ப, எம் புள்ள கூப்புட்டிருந்தாலும் கேக்க யாருமே இல்லையாண்ணே?"

 

தலவாக்கலை பஸ் நகரத் தொடங்கி ஹாரன் அடித்தது. நாகலெட்சுமி அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. விரலை மறுபடியும் முதல் வரியில் வைத்தாள். வீரய்யா எழுந்து, ஜன்னலுக்கு வெளியே மழையில் கையை நீட்டி, பஸ்ஸைப் பார்த்து நிற்கச் சொல்லி உள்ளங்கையை விரித்துப் பிடித்தார். டிரைவர் திரும்பத் திரும்ப ஹாரன் அடித்தும் அவர் அந்தக் கையை இறக்கவில்லை.